மயோனைஸும் ஒரு துவையல் தானுங்க

பட்டணத்துல இருக்கிற உங்ககூட இன்னைக்கு ஒரு சண்டை போடோணுமுங்க. மயோனைஸ் பத்தி. பர்கர், சாண்ட்விச், ஷவர்மா எல்லாத்துக்கும் உள்ளார தடவிக் குடுக்கிறாங்களே, அந்த வெள்ளைச் சாஸ்தான்.

கொடுமுடியில மூணு ஏக்கரா வெச்சுக்கிட்டு மஞ்சளும் எள்ளும் கடலைக்காயும் பார்க்கிறவனுக்கு மயோனைஸ்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. வேலை இருக்குதுங்க. அந்தச் சாஸ்ல பெரும்பங்கு எண்ணெய், மிச்சம் முட்டையும் புளிப்பும். எண்ணெய் வித்து விளைய வெக்கிறவன் நான். முட்டை எங்களுக்கு ஆத்துக்கு அக்கரையில, நாமக்கல் மாவட்டத்துல இருந்து வருது. எலுமிச்சை மரம் கிணத்து மேட்டுல நிக்குது. இத்தனையும் எங்க பக்கத்துச் சாமான். அதை வெச்சுப் பண்ற பண்டத்தை மட்டும் கம்பெனிக்காரன்கிட்ட இருந்தும் ரோட்டோரக் கடைக்காரன்கிட்ட இருந்தும்தான் வாங்கோணும்னு யாரு சொன்னது?

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்தச் சாஸை வீட்ல அரைங்க. இட்லிக்குச் சட்னி அரைக்கிற அதே மிக்ஸியில அரைங்க. அரைக்க முடியலைன்னா சாப்பிடாதீங்க.

மொதல்ல நடந்ததைச் சொல்லீர்றேன். 2025 ஏப்ரல் 8-ம் தேதியில இருந்து ஒரு வருசத்துக்குப் பச்சை முட்டையில பண்ற மயோனைஸைத் தயாரிக்கவோ, இருப்பு வெக்கவோ, விக்கவோ கூடாதுன்னு தமிழ்நாடு அரசு தடை போட்டுது. 2006-ம் வருசத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கிற அதிகாரத்தை வெச்சுப் போட்ட உத்தரவு. சால்மொனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா மாதிரி கிருமிகள் பச்சை முட்டை மயோனைஸ் வழியா வயித்துக்குள்ள போகுதுங்கிறதுதான் காரணம். நமக்கு முன்னாடியே கேரளாக்காரங்க 2023 ஜனவரியிலயும், தெலங்கானாக்காரங்க 2024 அக்டோபர் கடைசியிலயும் இதைத் தடுத்துட்டாங்க.

சும்மா ஒண்ணும் தடுக்கலைங்க. 2022 மே மாசம் காசர்கோடு பக்கம் செருவத்தூர்ல ஷவர்மா சாப்பிட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு செத்துப் போச்சு. 2023 செப்டம்பர்ல நம்ம நாமக்கல்லயே ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு ஒண்ணு போய்ச் சேர்ந்துது. இதுல எது கறியால வந்தது, எது சாஸால வந்ததுன்னு பிரிச்சுச் சொல்ல நான் டாக்டர் இல்லைங்க. ஆனா அரைவேக்காட்டுக் கறியும் காலையில அரைச்சு ராத்திரி வரைக்கும் வெளிய வெச்ச சாஸும் ஒரே ரொட்டிக்குள்ள போனா என்ன ஆகும்னு சொல்றதுக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்.

தடை வந்ததும் பட்டணத்துல ரெண்டு கூட்டம் கிளம்பிச்சு. ரெண்டு கூட்டத்து மேலயும் எனக்குக் கோவம்.

மொதல் கூட்டம், "அதுதான் முட்டை இல்லாத வெஜ் மயோனைஸ் பாட்டில்ல வருதே, அதை வாங்கிக்கலாம்"னு கடைக்கு ஓடிச்சு. அந்தப் பாட்டிலைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கிறதைப் படிச்சுப் பாருங்க. அனேகமா மொதல் பேரு ரீபைண்டு சோயா எண்ணெய். அப்புறம் தண்ணி, சர்க்கரை, மாவுச்சத்து. அதுக்கப்புறம் நம்பருங்க. 415-ன்னு இருந்தா அது கெட்டியாக்கிற பசை. 211, 202-ன்னு இருந்தா கெட்டுப் போகாம இருக்கிறதுக்கு. இதெல்லாம் சட்டம் அனுமதிச்ச சாமான்தான், விஷம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க காசு குடுத்து வாங்கறது எண்ணெயும் தண்ணியும் மாவும். அதை 'கிரீமி'ன்னு எழுதி விக்கிறான், நீங்களும் குழந்தைக்கு ரெண்டு கரண்டி அள்ளிப் போடறீங்க. தோசைக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் கூட ஊத்தினா "கொலஸ்ட்ரால்"னு சத்தம் போடற வீட்லதான் இது நடக்குது.

ரெண்டாவது கூட்டம் இருக்குதே, அது இன்னும் மோசமுங்க. "இதுக்குத்தான் சொன்னேன், பழைய சோத்துக்கும் கம்மங்கூழுக்கும் திரும்புங்க, வெள்ளைக்காரன் தீனியே வேண்டாம்"னு போன்ல வீடியோ போடற கூட்டம். அந்த வீடியோவைப் போட்டுட்டு ராத்திரிக்கு அவங்க என்ன ஆர்டர் பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா பத்து வயசுப் பையனுக்கு அவன் சிநேகிதனெல்லாம் திங்கிறதைத் திங்கோணும்னு ஆசை வராதா? எங்க காலத்துல கொடுமுடி கோயில் தேர்க்கடையில சவ்வு மிட்டாய்க்கு நாங்க அழுகலையா? ஆசையைத் திட்டி அடக்க முடியாதுங்க. ஆசைப்பட்டதை நல்லபடியாப் பண்ணிக் குடுக்கத்தான் முடியும்.

சரி, இந்த மயோனைஸ்ங்கிறது என்ன மாயம்? ஒரு மாயமும் இல்லைங்க. செடிக்கு மருந்தடிக்கிற எந்தக் குடியானவனுக்கும் இது புரியும். வேப்பெண்ணெயைத் தண்ணியில ஊத்தினா மேலாப்புல மிதக்கும், சேராது. அதுல காதி சோப்பைக் கரைச்சு ஊத்திக் கலக்கினா பாலாட்டம் வெள்ளையா ஆயிரும். எண்ணெய் பொடிப் பொடித் துளியா உடைஞ்சு தண்ணியோட நிக்கும். சோப்புதான் ரெண்டையும் சேத்துப் புடிக்குது. மயோனைஸ்ல அந்தச் சோப்பு வேலையை முட்டை மஞ்சக் கரு பார்க்குது. லெசித்தின்னு ஒரு கொழுப்பு அதுல இருக்குது. தண்ணிக்குப் பதிலா எலுமிச்சைச் சாறோ வினிகரோ. அவ்வளவுதான். அமெரிக்காவுல மயோனைஸ்னு பேர் போட்டு விக்கோணும்னா எடையில நூத்துக்கு 65 பங்காவது தாவர எண்ணெய் இருக்கோணும்னு சட்டமே இருக்குது. அப்ப அது என்ன? எண்ணெய்த் துவையல்.

இப்ப முட்டைக்கு வர்றேன். தடை வந்த பொறகு சில பேரு நாமக்கல் முட்டை மேலயே பழி போட ஆரம்பிச்சுட்டாங்க. இது அநியாயம். முட்டை ஓட்டு மேல கோழி எச்சம் படறது எந்தப் பண்ணையிலயும், எந்தப் பட்டியிலயும் நடக்கிறதுதான். சால்மொனெல்லா அதுல இருக்கலாம், சில சமயம் முட்டைக்கு உள்ளாரயும் இருக்கலாம். ஆனா அது சூட்டுக்குப் பயந்தது. 71 டிகிரி சூடு முட்டை முழுக்க ஏறினாப் போதும், செத்துரும். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல சத்துணவுல இத்தனை லட்சம் குழந்தைங்க முட்டை சாப்பிடறாங்களே, அது அவிச்ச முட்டை. தப்பு முட்டையில இல்லைங்க, அதைப் பச்சையா அரைச்சு வெயில்ல வெச்சதுலதான். எங்க ஊர்ல சித்திரை வெயில் 40 டிகிரிக்கு மேல போகுது. அஞ்சு டிகிரியில இருந்து அறுபது டிகிரி வரைக்கும் கிருமிக்குக் கல்யாண வீடு மாதிரி. அதுலயும் நம்ம வெயிலுக்கு அது ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகிப் பெருகிக்கிட்டே போகும்.

இன்னொரு பேச்சு இருக்குது. "நாங்க நாட்டுக்கோழி முட்டைதான் வாங்கறோம், அதைப் பச்சையாப் போட்டா ஒண்ணும் ஆகாது." யாரு சொன்னதுங்க? நாட்டுக்கோழி எங்க மேயுதுன்னு நீங்க பார்த்திருக்கீங்களா? எருக்குழியிலதான் கிளறிக்கிட்டு நிக்கும். எங்க பட்டியில பத்துக் கோழி நிக்குது. அதோட முட்டை ருசி எனக்குத் தெரியும். அதை நான் பச்சையா அரைக்கச் சொல்ல மாட்டேன்.

"உங்க ஊர்லயே வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுப்பாங்களே"ன்னு மடக்குவீங்க. குடுத்தாங்க. காலையில இட்ட முட்டையை உடைச்ச கையோட வாயில ஊத்துவாங்க. கிருமி இருந்தாலும் பெருகறதுக்கு நேரமில்லை. அதுவும் ஆபத்து இல்லாதது இல்லை, நான் அதுக்கு வக்காலத்து வாங்கலை. ஆனா இருபது முட்டையை ஒண்ணா அடிச்சு டப்பாவுல ஊத்தி, ஒரே கரண்டியை நாள் முழுக்க விட்டு எடுக்கிறது வேற கதை. இருபதுல ஒண்ணு கெட்டிருந்தாலும் டப்பா முழுக்கக் கெட்டது, அந்த டப்பாவுல இருந்து தின்ன அத்தனை பேருக்கும் ஆபத்து.

அப்ப வழி என்ன? முட்டையை அவிச்சுப் போடுங்க. கோயமுத்தூர்ல இருந்து என் தங்கச்சி பேரப் பசங்க லீவுக்கு வந்தா எங்க வீட்ல பண்றது இதுதான்.

ரெண்டு முட்டை. தண்ணி கொதிச்சதுக்கப்புறம் முழுசா பத்து நிமிசம் வேகட்டும். பச்சைத் தண்ணியில போட்டு ஆற வெச்சு உரிங்க. மிக்ஸியில சின்ன ஜார்ல முட்டை, ரெண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு சிட்டிகை கடுகுப்பொடி, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, ரெண்டு கரண்டி கொதிச்சு ஆறின தண்ணி. நைஸா அரைங்க. அப்புறம் நூறு மில்லி கடலெண்ணெயை ஒரே மூச்சுல ஊத்தாம நாலஞ்சு தடவையாப் பிரிச்சு ஊத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்து விடுங்க. கெட்டியா, வழுவழுன்னு வந்துரும். ரொம்பக் கெட்டியாப் போச்சுன்னா ஒரு கரண்டி தண்ணி. செக்கு எண்ணெயோட வாசம் தூக்கலா இருக்கும், புடிக்கலைன்னா பாதிக்குப் பாதி ரீபைண்டு கடலெண்ணெய் சேத்துக்குங்க. நல்லெண்ணெய் இதுக்கு ஆகாது, கசக்கும்.

கணக்கும் பாத்துருவோம். செக்கு எண்ணெய் லிட்டர் 250 ரூபான்னு வெச்சாலும் நூறு மில்லிக்கு 25 ரூபா. ரெண்டு முட்டை, ஒரு எலுமிச்சம்பழம், பூண்டு எல்லாம் சேத்தாலும் அம்பது ரூபாயைத் தாண்டாது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா சாஸ் நிக்கும். அதுல எண்ணெய் பாதிக்கும் கம்மி, முட்டைதான் ஜாஸ்தி. மீதத்தை உடனே பிரிட்ஜ்ல வெச்சு ரெண்டு நாளுக்குள்ள தீத்துருங்க. மேசை மேல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்ததைக் கொட்டிருங்க. பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேந்த எதையும் வெளிய வெச்சு மறுநாளைக்குத் தொடக் கூடாது. வீட்ல பண்ணினதுங்கிறதுக்காகக் கிருமி மரியாதை பார்த்து ஒதுங்கிப் போகாதுங்க.

முட்டையே வேண்டாங்கிறவங்க கெட்டித் தயிரைத் துணியில கட்டித் தொங்க விட்டு, தண்ணி வடிஞ்சதும் பூண்டு, மிளகு, உப்பு போட்டுக் கலக்குங்க. எண்ணெய் ஒரு கரண்டி போதும். ரொட்டிக்குத் தடவ இதை விட என்ன வேணும்?

இன்னொரு விசயம் தெரியுமுங்களா? ஷவர்மாவுக்குச் சொந்த ஊர்ல, லெபனான் சிரியா பக்கம், கோழிக்கறி ஷவர்மாவுக்குப் பச்சை முட்டை மயோனைஸ் வழக்கமே இல்லை. பூண்டு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய் மட்டும் போட்டு வெள்ளையா அரைக்கிற 'தூம்'தான் தொட்டுக்க. அதுல முட்டை கிடையாது. பூண்டே அந்தச் சோப்பு வேலையைப் பார்த்துக்குது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஷவர்மாவுக்கு 'தஹினி'. தஹினின்னா என்ன? எள்ளு. எள்ளை நைஸா அரைச்ச விழுது. அவ்வளவுதான்.

இதைக் கேட்டப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. எங்களுக்குப் பக்கத்துல சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல கருப்பு, சிவப்பு, வெள்ளைன்னு எள்ளு மூட்டை மூட்டையா ஏலத்துக்கு வந்து நிக்குது. மாசியில விதைச்சா எம்பது தொண்ணூறு நாள்ல அறுவடை. அறுத்து, கட்டுக் கட்டிப் போர் வெச்சு, வெயில்ல காய வெச்சு, தலைகீழாப் புடிச்சுத் தட்டி, புடைச்சுக் கொண்டு போனா வியாபாரி ஒரு விலை சொல்லுவான். ஆள் கூலி போக மிச்சத்தை எண்ணிக்கிட்டு வருவோம். அதே எள்ளை அரைச்சுக் குட்டிப் பாட்டில்ல அடைச்சு 'தஹினி'ன்னு சீட்டு ஒட்டினா நீங்க பெரிய கடையில என்ன விலை குடுத்து வாங்கறீங்கன்னு பில்லை எடுத்துப் பாருங்க.

நாலு கரண்டி வெள்ளை எள்ளை வாசம் வர்ற அளவுக்கு மட்டும் வறுங்க, சிவக்க விடாதீங்க. ரெண்டு கரண்டி எண்ணெய் விட்டு மையா அரைங்க. எலுமிச்சைச் சாறு விட்டதும் மொதல்ல இறுகிக் கட்டியாகும், பயந்துக்காதீங்க. தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டு அரைச்சா வெளுத்து, இளகி, சாஸ் ஆயிரும். பூண்டும் உப்பும் போட்டுக்குங்க. தோலோட இருக்கிற எள்ளுன்னா லேசாக் கசப்பு இருக்கும், அது எள்ளோட குணம்.

இப்பத்தான் என் சண்டையோட அடிமடிக்கு வர்றேன். இந்தியாவுக்கு வேணுங்கிற சமையல் எண்ணெயில பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்துதான் வருதுங்க. வருசத்துக்கு ஏறக்குறைய 160 லட்சம் டன். இந்தோனேசியா, மலேசியாவுல இருந்து பாமாயில். அர்ஜென்டினா, பிரேசில்ல இருந்து சோயா. ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து சூரியகாந்தி. ரேசன் கடையில லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் குடுக்கிறாங்க. ஏழை ஜனங்களுக்கு அது ஒத்தாசைதான், நான் மறுக்கலை. அந்த மானியத்தைக் கடலெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் குடுங்கன்னு எங்க பக்கத்து விவசாயிங்க எத்தனையோ வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கிறோம்.

அரசாங்கத்தை விடுங்க. நீங்க என்ன பண்றீங்க? "செக்கு எண்ணெய் இம்புட்டு விலையா"ன்னு எங்ககிட்டப் பேரம் பேசறீங்க. ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஆட்ட ஏறக்குறைய ரெண்டரைக் கிலோ கடலைப் பருப்பு போடோணும். பருப்பு விலையை ரெண்டரையால பெருக்கிப் பாருங்க, நாங்க கொள்ளையடிக்கிறோமான்னு தெரியும். எங்ககிட்ட லிட்டருக்கு இருபது ரூபா குறைக்கச் சொல்லிட்டு, அதே நாளைக்கு, சோயா எண்ணெயும் தண்ணியும் அடிச்ச பாட்டிலை விலை கேக்காம வண்டியில போட்டுக்கிட்டுப் போறீங்க. "விவசாயி நஞ்சில்லாத உணவு குடுக்கோணும்"னு கூட்டம் போட்டுப் பேசறீங்க. நாங்க குடுக்கிறோம். அதைக் குழந்தையோட வாய்க்குக் கொண்டு போற கடைசி ரெண்டு அடி உங்க சமையல்கட்டுல இருக்குது. அதை யாரு நடக்கிறது?

"நேரமில்லை"ன்னு சொல்லாதீங்க. முட்டை தானா வேகும், அரைக்கிறதுக்கு அஞ்சு நிமிசம். ஷவர்மா ஆர்டர் பண்ணிட்டு வண்டி எங்க வருதுன்னு போனைப் பார்க்கிற நேரம்கூட ஆகாது. வீட்ல இருக்கிற பொம்பளைங்க தலையில இன்னொரு வேலையைக் கட்டறேன்னும் நினைக்காதீங்க. ஆம்பளைங்களுக்குச் சேத்துத்தான் சொல்றேன். மிக்ஸிக்கு ஆண் பெண் தெரியாது. பத்து வயசுப் பையனை எண்ணெய் ஊத்தச் சொல்லுங்க, எண்ணெயும் தண்ணியும் எப்படிச் சேருதுன்னு அவன் பள்ளிக்கூடத்துப் பாடமும் அதுலயே முடிஞ்சுரும்.

சாண்ட்விச்சுங்கிறதும் நமக்குப் புதுசு இல்லைங்க. சேலம், கரூர், ஈரோட்டுப் பக்கம் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி முன்னாடி நின்னு பாருங்க. ஒரு தட்டுவடை, மேல காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், அதுக்கு மேல இன்னொரு தட்டுவடை. தட்டுவடை செட். ரெண்டு அடுக்கு, நடுவுல காய், தொட்டுக்க ரெண்டு சாஸ். இதுல எந்தப் பாட்டிலும் இல்லை, அன்னன்னைக்கு அரைச்ச சட்னிதான். ரொட்டிக்கு நடுவுல தடவற வெள்ளைச் சாஸுக்கு மட்டும் ஏன் வேற சட்டம்? அதையும் சட்னி மாதிரி அன்னைக்கு அரைச்சு அன்னைக்கே தீருங்க.

தடை எத்தனை நாளைக்கு இருக்குமோ, எந்தக் கடைக்காரன் மதிப்பானோ, மதிக்க மாட்டானோ, அது அதிகாரிங்க பாடு. உங்க வீட்டுச் சட்டம் உங்க கையில இருக்குது. இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு முட்டையை வேக வெச்சு அரைச்சுப் பாருங்க. நல்லா வந்தா அடுத்த மாசம் எண்ணெய் வாங்கறப்ப எங்ககிட்டப் பேரம் பேசாம வாங்கிட்டுப் போங்க. நல்லா வரலைன்னா எண்ணெயை இன்னும் மெதுவா ஊத்திப் பாருங்க.